தம்பி வரைந்த மரத்தைப் பார்த்து அவனுடைய நோயைச் சொல்ல முடியுமா?

கேள்வி: செம்பனைச்சாலை (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். மனநலத் துறையில் பணியாற்றுகிறவர்களும், வீட்டில் இத்தகைய நோயாளியை வைத்துப் பராமரிக்கிறவர்களும் இங்கே இருப்பதைப் பழைய உரையாடல்களில் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான் வீட்டு விஷயத்தை வெளியில் வைக்கிறேன்.

என் தம்பிக்கு 23 வயது. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் குறைந்தது. ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பதில் பேசினான். கோயில் ஒலிபெருக்கியில் தன் பெயரைச் சொல்லி ஏசுகிறார்கள் என்று கூறி, திருவிழா நாள்களில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தான். அம்மா முதலில் மந்திரித்துக் கயிறு கட்டினார். அப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது. பிறகு அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்து மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இப்போது மாதம் ஒருமுறை ஊசியும் இரவில் மாத்திரையும் போட்டுக்கொள்கிறான். சத்தம் குறைந்திருக்கிறது என்கிறான். ஆனால் பேச்சும் குறைந்துவிட்டது.

உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, அவனைத் தனியார் ஆலோசனை நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே ஒரு பென்சிலையும் வெள்ளைத்தாள்களையும் கொடுத்து, வீடு, மரம், மனிதர் ஆகிய மூன்றையும் வரையச் சொன்னார்கள். வரைந்து முடித்ததும் தாள்களை வாங்கிக்கொண்டார்களே தவிர, அவனிடம் எதுவும் கேட்கவில்லை. சில நாள்களில் இரண்டு பக்க அறிக்கை வந்தது. மரத்தின் தண்டில் வெட்டுக்காயம் இருப்பதால் சிறு வயதில் பெரும் அதிர்ச்சி நேர்ந்திருக்கிறது என்றும், வீட்டுக்கு ஆறு கதவுகள் இருப்பதால் தான் யார் என்ற தெளிவு சிதறிவிட்டது என்றும், புகைபோக்கி இல்லாததால் குடும்பத்தில் பாசம் இல்லை என்றும், மனிதரின் கண்கள் முகத்தில் பாதியளவுக்கு இருப்பதால் சந்தேகக் குணம் முற்றிவிட்டது என்றும், கோடுகள் சிறுத்து நடுங்கியிருப்பதால் அச்சம் மிகுந்த மனம் என்றும் வரிசையாக எழுதியிருந்தார்கள். கடைசி வரியில், முழுமையாகக் குணமடையும் வாய்ப்புக் குறைவு என்று முடித்திருந்தார்கள். மலாயில் இருந்த அந்த வரியை அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

படத்தை வைத்து இப்படியெல்லாம் சொல்வது உண்மையிலேயே ஒரு முறைதானா? இந்த அறிக்கையை மருத்துவரிடம் காட்டலாமா? தம்பிக்குப் பள்ளி நாள்களிலிருந்தே வரைவதில் விருப்பம் உண்டு. இனி அவன் வரைந்தால் நோய் கூடிவிடுமோ என்றுகூட எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: கிந்தாக்கரை

சகோதரி, நான் மருத்துவ உளவியலாளர். அந்தக் கடைசி வரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அம்மாவின் நெஞ்சில் நிற்பது அதுதான். பென்சில் படங்கள் மூன்றைக் கொண்டு ஒருவர் குணமடைவாரா மாட்டாரா என்று எவராலும் சொல்ல முடியாது. நோய் தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் இடையில் எவ்வளவு காலம் போயிற்று, மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா, கஞ்சா, சியாபு போன்ற போதைப்பொருள்கள் இடையில் இருக்கின்றனவா, வீட்டில் அவரைத் தாங்கிப் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்பவற்றைப் பொறுத்தே ஓரளவுக்கு எதிர்பார்க்க முடியும். நான்கைந்து மாதங்களுக்குள் ஊசி தொடங்கிவிட்ட உங்கள் தம்பியின் நிலையில் நம்பிக்கைக்கு நிறைய இடமிருக்கிறது. இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

அந்த முறை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீடு, மரம், மனிதர் ஆகியவற்றை வரையச் சொல்லும் சோதனையை அமெரிக்க உளவியலாளர் ஜான் பக் 1948இல் வெளியிட்டார். மறு ஆண்டு கேரன் மேக்கோவர், மனித உருவத்தை மட்டும் வைத்து ஆளுமையைக் கணிக்கும் முறையை எழுதினார். மனம் நேரடியாகச் சொல்ல மறுப்பதைக் கை காகிதத்தில் சொல்லிவிடும் என்பதுதான் இருவருடைய எண்ணமும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பக் வகுத்த முறையில் வரைந்து முடிந்த பிறகு கேட்க வேண்டிய நீண்ட கேள்வி வரிசை ஒன்று இருக்கிறது. இது என்ன மரம், அது உயிரோடு இருக்கிறதா, இது யாருடைய வீடு என்று வரைந்தவரிடமே கேட்டுப் பதிலை எழுத வேண்டும். உங்கள் தம்பியிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்றால், தாங்கள் கையாள்வதாகச் சொல்லும் முறையையே அவர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள் என்றுதான் பொருள்.

முழுமையாகச் செய்திருந்தாலும் அந்த அடையாளங்கள் நம்பத்தக்கவை அல்ல. இதைக் காட்டிய ஆய்வு ஒன்றை என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் அனைவரிடமும் சொல்வேன். லோரன் சேப்மன், ஜீன் சேப்மன் என்ற தம்பதியர், மனித உருவப் படங்களில் எந்த அடையாளம் எந்தக் குணத்தைக் காட்டுகிறது என்று அனுபவமுள்ள உளவியலாளர்களிடம் கேட்டார்கள். சந்தேகப்படுகிறவர் கண்ணை வித்தியாசமாக வரைவார், அறிவைப் பற்றிக் கவலைப்படுகிறவர் தலையைப் பெரிதாக வரைவார் என்று பதில் வந்தது. பிறகு, படங்களையும், வரைந்தவர்களுக்கு இருப்பதாக எழுதிய மனக்குறைகளையும் எந்தத் தொடர்பும் இல்லாமல் கலந்து சேர்த்து, இத்துறையில் பயிற்சியே இல்லாத கல்லூரி மாணவர்களுக்குக் காட்டினார்கள். அவர்களும் கண்ணுக்கும் சந்தேகத்துக்கும் உறவு இருப்பதைத் தாங்களே படங்களில் கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள். படங்களில் அந்த உறவு இல்லவே இல்லை. பார்த்தவர்கள் அதைத் தங்கள் மனத்திலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். இது 1967இல் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் லிலியன்ஃபெல்ட், வுட், கார்ப் ஆகிய மூவர் அதுவரை வந்த ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்தபோதும், மனித உருவப் படங்களின் தனித்தனி அடையாளங்களுக்கு நிலையான ஆதாரம் கிடைக்கவில்லை. கையில் வரையும் திறன் இல்லாதவர் நோயுள்ளவராகத் தெரிந்துவிடுகிறார் என்பது இந்த முறையோடு கூடவே வரும் குறை.

இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற மருத்துவர், முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், மனநோய் விடுதிகளில் இருந்தவர்களின் படைப்புகளை ஆயிரக்கணக்கில் திரட்டினார். அத்தனையையும் கையில் எடுத்துப் பார்த்த அவரே, ஒரு படத்தில் இன்ன இன்ன தன்மைகள் இருப்பதால் அதை வரைந்தவர் நோயாளிதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்தார். பின்னாளில் நாட்சி ஆட்சியினர் அந்தத் தொகுப்பிலிருந்து சில படங்களை எடுத்து, நவீன ஓவியர்களின் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டும் ஒன்றுதான் என்று இழிவுபடுத்தினார்கள். படத்தை வைத்து மனிதருக்குத் தீர்ப்பு எழுதும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

அதற்காகப் படத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் லிண்டா கான்ட், கார்மெல்லோ டபோன் ஆகிய இருவர், மரத்திலிருந்து ஒருவர் ஆப்பிள் பறிப்பதை வரையச் சொல்லி, அதை 14 அளவுகோல்களால் மதிப்பிடும் முறையை 1998இல் வெளியிட்டார்கள். அதில் மறைபொருள் தேடுவதில்லை. நிறம் எவ்வளவு, அது பொருளுக்குப் பொருந்துகிறதா, படத்தின் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கின்றனவா, அந்த மனிதர் பழத்தை எட்டிப் பிடிக்க வழி இருக்கிறதா என்று வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களின் படங்களில் பகுதிகள் பிரிந்து நிற்பது கூடுதலாகக் காணப்படலாம். ஆனால் ஒரு கூட்டத்தின் சராசரி இன்னொரு கூட்டத்தின் சராசரியிலிருந்து வேறுபடுவது ஒன்று. எதிரில் உட்கார்ந்திருக்கும் தனி மனிதருக்கு நோயை உறுதிப்படுத்துவது முற்றிலும் வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானிய மனநல மருத்துவர் நகாய் ஹிசாவோ 1969இல் உருவாக்கிய முறை. மருத்துவரே முதலில் தாளின் ஓரத்தில் சட்டம் போல் கோடு போட்டுக் கொடுப்பார். பிறகு ஆறு, மலை, வயல், சாலை, வீடு, மரம், மனிதர், பூ, விலங்கு, கல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நோயாளி அவற்றைச் சேர்த்து ஒரே காட்சியாக வரைந்து வண்ணம் தீட்டுவார். மனச்சிதைவு உள்ளவர்களைப் பராமரித்த அனுபவத்தில் பிறந்தது அது. மணலில் பொம்மைகளை வைத்துக் காட்சி அமைக்கும் சிகிச்சையை இவருக்கு இப்போது தொடங்கினால் தாங்குவாரா என்பதை அறிவது அதன் முதல் நோக்கம். நோயாளியின் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஓரக்கோடு காவலாக நிற்கிறது, அவசரம் இல்லை. அதே மனிதர் ஆறு மாதம் கழித்து வரைவதை அவருடைய முந்தைய படத்தோடு ஒப்பிடலாம். ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும்.

நோயை முடிவு செய்வது நேர்காணலும், குடும்பத்தார் சொல்லும் வரலாறும், உடல் சோதனைகளும்தாம். தைராய்டு, போதைப்பொருள் ஆகியவை காரணமாக இல்லையா என்று இரத்தமும் சிறுநீரும் பார்க்கிறார்கள். அறிகுறிகளின் கடுமையை அளக்க 30 கூறுகள் கொண்ட அளவுகோல் ஒன்று 1987 முதல் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. அதில் படம் வரைவது ஒரு கூறுகூட அல்ல.

அறிக்கையை மருத்துவரிடம் தயங்காமல் காட்டுங்கள். அதை எழுதியவர் யார் என்றும் அந்த நிலையத்தில் கேளுங்கள். மலேசியாவில் கவுன்சிலர்களுக்கு 1998ஆம் ஆண்டின் 580ஆம் சட்டமும், மருத்துவ உளவியலாளர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டமும் இருக்கின்றன. பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை.

பதில்: பழைய கரும்பலகை

மகளே, நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். மருத்துவம் அறியேன், ஆனால் பிள்ளைகள் வரைந்த மரங்களை எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். அந்த வெட்டுக்காயம் என்ற சொல்லைப் படித்தவுடன் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி வரைந்த படத்தை எடுத்துப் பாருங்கள். அந்தக் கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சாய்கிறதா? கோடு முடியும் இடத்துக்குக் கீழே சின்னதாக ஓர் அரைவட்டம் இருக்கிறதா? இருந்தால் அது பால்மரம், அதாவது ரப்பர் மரம். காயம் என்று அறிக்கையில் எழுதியிருப்பது உளி போன தடம், அரைவட்டம் பால் வடியும் மங்கு. என் வகுப்பில் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளிடம் மரம் வரையச் சொன்னால் பாதிப்பேர் இதைத்தான் வரைவார்கள். விடியற்காலையில் தாயோடும் தகப்பனோடும் மரவரிசையான நிரைக்குப் போய், பால் சுமக்கும் காண்டாவாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு மரம் என்றால் அதுதானே மரம். செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளோ கிளையே இல்லாத மரத்தை வரைவார்கள். அதைப் பார்த்து, இந்தப் பிள்ளை யாரோடும் ஒட்டாது என்று எவராவது எழுதிவிடப் போகிறார்களே என்று இப்போது கவலையாக இருக்கிறது.

ஆறு கதவு வீடு என்பதும் எனக்குப் புதிராக இல்லை. ஒரே கூரையின்கீழ் ஆறு குடும்பம் இருந்த லயத்தில் பிறந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வீடு வரை என்றால் தன் கதவை மட்டும் வரைவதற்கு அந்தப் பிள்ளைக்கு மனம் வராது. புகைபோக்கியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம் அடுப்படியில் விறகுப்புகை கூரை இடுக்கு வழியாகப் போனதே தவிர, புகைபோக்கியை நாம் பாடப்புத்தகத்துப் படத்தில்தான் பார்த்தோம். பாசத்தை அங்கே தேடினால் எப்படிக் கிடைக்கும்? மேலே ஐயா சொன்ன ஆப்பிள் மரமும் அப்படித்தான். இங்கே ஒருவரை வரையச் சொன்னால் கையில் துறட்டியோடு ரம்புத்தான் பறிப்பதைத்தான் வரைவார். அதற்கும் அளவுகோல் இடம் கொடுக்க வேண்டும்.

பெரிய கண்களுள்ள மனிதர் யார் என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. தோட்டத்து எல்லையில் முனீஸ்வரர் எப்படி உட்கார்ந்திருப்பார்? மீசையும், விழித்த கண்ணும், கையில் அரிவாளும்! கோயிலைப் பற்றிய பயம் தம்பிக்கு இருக்கும்போது அவரை வரைந்திருப்பதில் வியப்பில்லை.

வரைவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் நெதர்ன் மருத்துவமனையில் 1946 முதல் எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியர் நோயாளிகளுக்கு ஓவியக்கூடம் நடத்தினார். அவர்கள் வரைவதற்கு இடமும் வண்ணமும் கொடுத்தாரே தவிர, இதற்கு இது பொருள் என்று அவர் சொல்லித் திரிந்ததில்லை. நல்ல ஆசிரியருக்கு அது போதும். தம்பி வரைந்தால் பின்பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள், திருத்தாதீர்கள், அவன் கேட்காமல் யாரிடமும் காட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பதால், நம் மக்கள் அந்த ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளைக் கோயில் கயிற்றோடு மூன்று மாதம் உட்கார வைப்பதே அந்த வசைக்கு நாம் பயப்படுவதுதான். யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல் தேதி தவறாமல் அழைத்துப் போங்கள்.

பதில்: டிரஸர் வீடு

வணக்கம் அம்மா. தோட்ட மருத்துவமனைகளில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். மேலே இருவரும் மரத்தையும் கண்ணையும் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நடுங்கிச் சிறுத்த கோடுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மாத ஊசிகளில் பழைய வகை மருந்துகள் சிலருக்குத் தசையை இறுக்கும், கையை நடுங்க வைக்கும், முகத்தை அசைவில்லாமல் ஆக்கும். எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகும். ஹாசே என்ற ஜெர்மானிய மருத்துவர், மருந்தின் அளவு உடலில் வேலை செய்யத் தொடங்கும் எல்லையை நோயாளியின் கையெழுத்து குறுகுவதைக் கொண்டே கணிக்கலாம் என்று 1950களிலேயே சொன்னார். ஆகவே நடுங்கும் கோடு பயத்தைக் காட்டுகிறது என்று எழுதுவதற்கு முன், அந்தக் கையில் எந்த மருந்து ஓடுகிறது என்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் தம்பி ஊசி போட்ட எத்தனையாவது நாளில் அந்தப் படத்தை வரைந்தான்?

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கோடில்லாத தாளில், மணிக்கட்டைத் தாள்மேல் ஊன்றாமல், நத்தை ஓடு போல் உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றி ஒரு சுருளை வரையச் சொல்லுங்கள். அதற்குக் கீழே ஒரே வாக்கியத்தை மூன்று முறை எழுதச் சொல்லுங்கள். ஊசி போட்ட மறுநாளும் அடுத்த ஊசிக்கு முந்தைய நாளும் இதைச் செய்து, தேதி போட்டு வையுங்கள். நடக்கும்போது கைகள் வீசுகின்றனவா, உட்கார முடியாமல் கால் தவிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அந்தத் தாள்களைப் பார்த்தால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நடுக்கத்துக்கு மாத்திரை சேர்க்கலாம். நடுக்கத்தைக் கண்டு நீங்களாக ஊசியை நிறுத்திவிட வேண்டாம். அப்படி நிறுத்தியதால் திரும்பவும் படுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில்: மூன்றாம் கட்டை

நான் இந்த நோயோடு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்கிறவன். தற்போது மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தம்பியின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

நோய் கடுமையாக இருந்த நாளில் என்னையும் வரையச் சொன்னார்கள். நான் எழுதும் ஒவ்வொன்றும் போலீசுக்குப் போகிறது என்று அப்போது உறுதியாக நம்பினேன். அதனால் தாளின் நடுவில் ஒரு கட்டம் மட்டும் போட்டுக் கொடுத்தேன். ஒத்துழைக்கவில்லை என்று கோப்பில் எழுதினார்கள். எனக்கு அது ஒத்துழைப்பின் எல்லை. அதற்கு மேல் ஒரு கோடு போட்டிருந்தால் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டேன். சில மாதம் கழித்து ஒரு தாதி, தானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பென்சிலை மாறி மாறி வாங்கி வரைந்தார். அவர் வரைந்த பூனை பூனை மாதிரியே இல்லை. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக எனக்குக் கேட்கும் குரலைப் பற்றி வாய் திறந்தேன். உங்கள் தம்பி எதை வரைந்தான் என்று ஆராய்வதற்கு முன்னால், யார் முன்னால், எந்த நிலையில் வரைந்தான் என்று எண்ணிப் பாருங்கள்.

பதில்: செம்பனைச்சாலை

உங்கள் அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மூன்றாம் கட்டை அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கலக்கி எடுத்துக்கொண்டு தம்பியோடு வாசலில் உட்கார்ந்து நானும் வரைந்தேன். சிறிது நேரம் கழித்து அந்தப் பழைய படங்களை எடுத்து, இவை என்ன என்று கேட்டேன்.

ஆசிரியர் ஐயா சொன்னது சரி. அது அப்பா சீவிய மரம். கோடு இடமிருந்து வலமாகத்தான் சாய்கிறது, கீழே மங்கும் இருக்கிறது. நான்தான் இத்தனை நாள் கவனிக்கவில்லை. வீடு, தோட்டம் விற்கப்படுவதற்கு முன் நாங்கள் இருந்த லயம். மூன்றாவது கதவு எங்களுடையது என்று சொல்லி, மற்ற ஐந்து கதவுகளிலும் யார் யார் இருந்தார்கள், எந்த வீட்டில் நாய் இருந்தது என்பது வரை வரிசையாகச் சொன்னான். இவ்வளவு நீளமாக அவன் பேசி மாதக்கணக்கில் ஆகிறது.

ஆனால் அந்த மனிதர் முனீஸ்வரர் இல்லை. அதைக் கேட்டவுடன் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். வெகுநேரம் கழித்து, "அவர் கண்ணை மூட மாட்டார் அக்கா, அதான் பெருசா போட்டேன்" என்றான். குளியலறைக்குப் பின்னால் இரவில் ஒருவர் நிற்பதாகவும், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது, சாப்பிடாதே என்று அவர் சொல்வதாகவும் கூறினான். அவன் இளைத்துக்கொண்டே போனதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தம் கேட்கிறதா என்றுதான் கேட்டார்கள், ஆளைப் பற்றிக் கேட்கவில்லை என்றான்.

இப்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. கண்ணைப் பற்றி அந்த அறிக்கை சொன்னது உண்மைதானோ?

ஊசியைப் பற்றி டிரஸர் ஐயா கேட்டிருந்தார். ஊசி போட்ட நான்காவது நாளில்தான் அந்தப் படங்களை வரைந்தான். சுருளையும் நேற்று வரைந்தான்; கோடு நன்றாகவே நடுங்குகிறது.

பதில்: கிந்தாக்கரை

சகோதரி, அடுத்த தவணைக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே மருத்துவமனையை அழைத்து, உணவை மறுக்கச் சொல்லும் குரல் இருக்கிறது, எடை குறைகிறது என்ற இரண்டையும் சொல்லித் தேதியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இன்றிரவு தம்பியிடம் நேராகவே கேளுங்கள்: உன்னையோ மற்றவர்களையோ ஏதாவது செய்துகொள்ளும்படி, செய்யும்படி அவர் சொல்கிறாரா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் நாளை வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 999. உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம்.

குழப்பத்துக்கு வருகிறேன். அறிக்கை எழுதியவர் கண்ணைப் பார்த்துச் சந்தேகக் குணம் என்று எழுதினார். அது முனீஸ்வரராக இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார். சீவிய மரத்தைக் காயம் என்று எழுதியதும் அதே கைதானே? ஆசிரியர் ஐயாவின் ஊகமும் அன்பினால் வந்ததுதான், மரத்திலும் வீட்டிலும் அவர் சொன்னது சரியாக இருந்தது, இந்த ஓர் இடத்தில் தவறியது. நானே பார்த்திருந்தாலும் தவறியிருப்பேன். சந்தேகக் குணம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு மருத்துவரால் எதுவும் செய்ய முடியாது. இரவில் நிற்கிறார், கண் மூடுவதில்லை, சாப்பிடாதே என்கிறார் என்பதை வைத்துக்கொண்டு மருந்தின் அளவை மாற்றலாம், ஆபத்தைக் கணிக்கலாம், எடையைக் கண்காணிக்கலாம். இதைச் சொன்னவர் உங்கள் தம்பி. படம் உங்கள் இருவருக்கும் நடுவில் பேச ஓர் இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்த ஆளைப் பற்றி அவனோடு வாதாட வேண்டாம், ஆமாம் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். உனக்கு அது பயமாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது என்று சொன்னால் போதும். சாப்பாட்டை எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து, அவன் கண்ணெதிரே போட்டுச் சாப்பிடுங்கள்; முட்டை, வாழைப்பழம் போல் அவனே உரித்துச் சாப்பிடக்கூடியவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். படத்தை மருத்துவரிடம் காட்டலாமா என்று அவனிடம் அனுமதி கேட்டு, அவன் சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் ஒரு தாளில் எழுதி உடன் கொண்டுபோங்கள். சுருள் வரைந்த தாளையும் மறக்காதீர்கள்.

ஆறு கதவுகளுக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று வரிசை பிசகாமல் சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்கள். அறிக்கை அதே வீட்டைப் பார்த்துத்தான் தெளிவு சிதறிவிட்டது என்றது. அவனுடைய நினைவும் அடுக்கும் இப்படி ஒழுங்காக இருப்பதை மருத்துவரிடம் சொல்லி, அதையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.